நீடித்த அழற்சியின் காரணங்களும் செவிலியர் பணியும்: யானைக்கால் நோய் தரும் படிப்பினை

ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தை அளவிடுவதற்கு இறப்பு விகிதமும் சராசரி ஆயுட்காலமுமே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவ்வளவுகோல்களுக்குள் அகப்படாத நோய்கள் சில உண்டு. அவை உயிரைப் பறிப்பதில்லை. உழைக்கும் ஆற்றலைப் பறிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கி, குடும்பத்தின் வருவாயைச் சிறிது சிறிதாக அரித்து, நோயாளியைச் சமூகத்தின் ஓரத்திற்குத் தள்ளிவிடுகின்றன. நீடித்த அழற்சியால் விளையும் நோய்களுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் யானைக்கால் நோய் இந்தியாவுக்கு நெடுங்காலமாக அறிமுகமானதாகும்.

இந்நோயை ஒழிக்கும் முயற்சியில் ஒரு முரண்பாடு காணப்படுகிறது. புதிதாக எவருக்கும் நோய் தொற்றாமல் தடுப்பதற்கு நாடெங்கும் மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. ஆனால் ஏற்கெனவே வீங்கிய காலுடன் துணை சுகாதார நிலையத்திற்கு வரும் ஒருவருக்கு, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது. இப்பதில் அறிவியலுக்குப் பொருந்தாதது. வீக்கம் ஏன் நீடிக்கிறது, ஏன் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது என்பதை அறிந்த செவிலியர் ஒருவர், அதன் வளர்ச்சியைச் சோப்பு, நீர், துணி ஆகியவற்றைக் கொண்டே பெருமளவு தடுத்து நிறுத்த முடியும். காரணத்தை அறிவதே இங்குச் சிகிச்சையின் முதற்படியாக அமைகிறது.

அழற்சி: இயல்பும் பயனும்

உடலின் திசுக்களுக்கு ஊறு நேரும்போது, அவ்வூறை விலக்கவும் சேதத்தைச் செப்பனிடவும் உடல் மேற்கொள்ளும் எதிர்வினையே அழற்சி எனப்படும். சிவத்தல், வீங்குதல், வெப்பம், வலி ஆகிய நான்கு அறிகுறிகளைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் குறிப்பிட்டுள்ளார். உறுப்பு தன் பணியைச் செய்ய இயலாமை ஐந்தாவது அறிகுறியாகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது.

காலில் முள் தைத்தால் அவ்விடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர்கள் வழியே நீரும் புரதங்களும் வெள்ளணுக்களும் திசுவினுள் இறங்குகின்றன, கிருமிகள் விழுங்கப்படுகின்றன. முள் நீக்கப்பட்டுக் கிருமி அழிந்ததும் இவ்வினை சில நாட்களில் ஓய்கிறது. ஆகவே குறுகிய கால அழற்சி உடலின் பாதுகாவலனே ஆகும்.

நீடித்த அழற்சி இதனின்று வேறுபட்டது. அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் தொடர்கிறது. முதலில் விரைந்து வரும் வெள்ளணுக்களின் இடத்தைப் பெருவிழுங்கு அணுக்களும் நிணநீர் அணுக்களும் பிடித்துக்கொள்கின்றன. ஒருபுறம் திசு அழிந்துகொண்டே இருக்க, மறுபுறம் அதைச் செப்பனிடும் பணியும் நடந்துகொண்டே இருக்கும். அதன் விளைவாக மென்மையான திசு இருந்த இடத்தில் தடித்த நார்த்திசு படிகிறது. ஒருமுறை படிந்த நார்த்திசு எளிதில் கரைவதில்லை. காலந்தாழ்த்துவதால் நேரும் இழப்பு இங்குதான் உள்ளது.

அழற்சி நீடிப்பதன் காரணங்கள்

அழற்சி ஓயாமல் தொடர்வதற்கான காரணங்களை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கிருமி அழியாது தங்கிவிடுதல். காசநோயும் தொழுநோயும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இரண்டாவது, உடலால் செரிக்க இயலாத அன்னியப் பொருள் தங்குதல். கல்லுடைக்கும் தொழிலாளரின் நுரையீரலிலும், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் வட்டாரத்துச் சிலேட்டுக் குச்சித் தொழிலாளரின் நுரையீரலிலும் படியும் சிலிக்காத் தூசு இவ்வகையினது. மூன்றாவது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் திசுக்களையே தாக்குதல், முடக்குவாதம் இதன்பாற்படும். நான்காவது, குறுகிய கால அழற்சி முற்றிலும் ஆறுமுன்னர் மீண்டும் மீண்டும் தாக்குதல்.

செவிலியர் பணியைப் பொறுத்தவரை இப்பாகுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஒவ்வொரு வகைக்கும் பராமரிப்பின் நோக்கம் வேறுபடுகிறது. முதல் வகையில் மருந்தை இடைவிடாது உட்கொள்ளச் செய்வதும், இரண்டாம் வகையில் தூசிலிருந்து தொழிலாளரை விலக்குவதும், மூன்றாம் வகையில் மூட்டுகளின் இயக்கத்தைக் காப்பதும் முதன்மை பெறுகின்றன. நான்காம் வகையில் அடுத்த தாக்குதல் நேராமல் தடுப்பதே தலையாய கடமை. யானைக்கால் நோயில் முதல் வகையும் நான்காம் வகையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுவதால், ஒன்றை மட்டும் கவனித்து மற்றொன்றை விட்டுவிடும் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது.

முதற் காரணம்: புழு

யானைக்கால் நோய்பற்றிய அறிவியல் வரலாற்றில் இந்திய மண்ணுக்கு இடமுண்டு. 1872ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பணியாற்றிய திமோதி லூயிஸ் என்ற மருத்துவர், மனித இரத்தத்தில் இந்நோயின் நுண்புழுக்களைக் கண்டறிந்தார். 1877இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணிபுரிந்த பேட்ரிக் மேன்சன், அந்நுண்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்ச்சி பெறுவதை எடுத்துக்காட்டினார்.

இந்தியாவில் காணப்படும் தொற்றின் மிகப் பெரும்பகுதி வுச்சரேரியா பான்கிராப்டி என்ற புழுவினால் உண்டாவது. அசுத்த நீர் தேங்கும் சாக்கடைகளிலும் குட்டைகளிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. கேரளக் கடலோரத்தில் புரூகியா மலாயி என்ற மற்றொரு வகையும் உண்டு. ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களின் வேரைப் பற்றி வளரும் மான்சோனியா கொசு அதைப் பரப்புகிறது.

கொசுக்கடியின் வழியே உட்புகும் இளம் புழுக்கள் நிணநீர்க் குழாய்களை அடைந்து, அங்கேயே முதிர்ந்து, ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள் வாழ்கின்றன. திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப இரத்தத்தில் சேர்ப்பதும், கிருமிகளை வடிகட்டுவதும் நிணநீர் மண்டலத்தின் பணிகளாகும். புழுக்கள் குடிகொண்ட குழாய்கள் விரிந்து வலுவிழக்கின்றன. உயிருள்ள புழு பெரிய எதிர்வினை எதையும் எழுப்பாமல் பல ஆண்டுகள் தங்கியிருக்கக்கூடும். அது மடியும்போது நிலைமை மாறுகிறது. புழுவினுள் வாழும் உல்பாக்கியா என்ற நுண்ணுயிரியின் கூறுகளும் புழுவின் சிதைவுகளும் வெளிப்பட்டு அழற்சியைத் தூண்டுகின்றன.

தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஏற்படுகிறது. வீக்கமோ வளர்ந்த பின்னரே வெளிப்படுகிறது. இவ்விடைவெளியின் காரணமாக மக்கள் இந்நோயைக் கொசுவுடன் தொடர்புபடுத்துவதில்லை. பரம்பரை, தீவினை, குளிர்ந்த நீரில் நடத்தல் எனப் பலவாறு விளக்கம் கூறப்படுகிறது. நோயாளியிடம் காரணத்தை எடுத்துரைக்க முற்படும் செவிலியர், இக்கருத்துகளை ஏளனம் செய்யாமல் கேட்டறிந்து, அங்கிருந்தே விளக்கத்தைத் தொடங்குவது பயன் தரும்.

இரண்டாம் காரணம்: தோலில் திறந்திருக்கும் வாயில்

புழு மட்டுமே காரணமாயின், புழு மடிந்தபின் வீக்கம் வளராமல் நின்றுவிட வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. இரத்தத்தில் நுண்புழுவே காணப்படாத நோயாளிகளிடமும் கால் தொடர்ந்து பருப்பது மருத்துவர்களை நெடுநாள் குழப்பியது. இதற்கான விடை கால்விரல்களின் இடுக்கில் இருந்தது.

நிணநீர் வடிகால் பழுதுற்ற காலில், தோலின் வழியே புகும் பாக்டீரியாக்களை வடிகட்டி அகற்றும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண், குதிகாலின் பித்தவெடிப்பு, சிறு கீறல், சொறிந்த காயம் ஆகிய ஒவ்வொன்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய கிருமிகளுக்கு வாயிலாகிறது. அவை உட்புகுந்ததும் குளிர்க்காய்ச்சல் காண்கிறது; தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது; கால் சிவந்து, கனன்று, தொட முடியாதபடி வலிக்கிறது. இத்தாக்குதல் சில நாட்கள் முதல் ஒரு வாரம்வரை நீடித்துத் தணிகிறது. தணிந்தபின் வீக்கம் முழுவதும் வடிவதில்லை. ஒவ்வொரு தாக்குதலும் சிறிதளவு நார்த்திசுவை விட்டுச்செல்கிறது. தோல் தடித்து மடிப்புகள் உண்டாகின்றன. மடிப்புகளில் ஈரம் தங்குகிறது; ஈரத்தில் புதிய புண் தோன்றுகிறது; புண் அடுத்த தாக்குதலுக்கு வழிவிடுகிறது. இவ்வாறு காரணமே விளைவாகவும் விளைவே காரணமாகவும் சுழல்கின்ற ஒரு வட்டம் உருவாகிறது.

கேரளத்தின் ஆலப்புழையில் மேற்கொள்ளப்பட்டு 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இத்தாக்குதல்களைத் தடுப்பதில் பாதப் பராமரிப்புக்கு முக்கியப் பங்கு உண்டென்றும், புழுவைக் கொல்லும் டை-எத்தில் கார்பமசீன் மருந்துக்கு அத்தகைய பங்கு இல்லையென்றும் அது காட்டியது. நோய் பரவுவதைத் தடுக்கும் மருந்து வேறு; நோயுற்ற காலைக் காக்கும் வழி வேறு என்பதே இதன் பொருள்.

செவிலியர் செய்யத்தக்கவை

மேற்கூறிய வட்டத்தை அறுக்கத்தக்க இடம் தோலே. அங்குச் செய்ய வேண்டிய பணிக்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் தேவையில்லை. செவிலியர் ஒருமுறை செய்துகாட்டிப் பின்னர் நோயாளியையே செய்யவைத்துப் பார்க்க வேண்டிய படிகள் வருமாறு:

1. ஒவ்வொரு நாளும் நல்ல வெளிச்சத்தில் காலைப் பார்வையிடுதல். விரலிடுக்கு, உள்ளங்கால், தோல் மடிப்பு ஆகிய இடங்களில் வெடிப்போ ஈரப்புண்ணோ உள்ளதா என ஆராய்தல்.

2. அறை வெப்பநிலையிலுள்ள தூய நீராலும் சாதாரணச் சோப்பாலும் கழுவுதல். முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கிப் பாதத்தை நோக்கி வருதல். தேய்த்துரைக்காமல் மென்மையாகக் கழுவுதல். வடியும் நீர் தெளியும்வரை அலசுதல்.

3. சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து உலர்த்துதல். விரலிடுக்கும் மடிப்புகளும் முற்றிலும் உலர வேண்டும். இப்படியில் காட்டும் அவசரமே பெரும்பாலான பராமரிப்பைப் பயனற்றதாக்குகிறது.

4. சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பும், சிறு காயத்திற்குக் கிருமி எதிர்ப்புக் களிம்பும் மருத்துவரின் அறிவுரைப்படி இடுதல்.

5. உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தல். இரவில் கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்துதல். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்தலாகாது.

6. குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், கணுக்காலைச் சுழற்றுதல் ஆகிய எளிய பயிற்சிகள். தசைகள் சுருங்கி விரியும்போது தேங்கிய நிணநீர் மேல்நோக்கி நகர்கிறது.

7. பாதத்தை இறுக்காத, காற்றோட்டமுள்ள காலணியை அணிதல்.

கடுந்தாக்குதலின்போது விதிகள் மாறுகின்றன. ஓய்வு, குளிர்ந்த நீரில் நனைத்த துணி, நிறைய நீர் அருந்துதல், காய்ச்சல் தணிக்கும் மருந்து, மருத்துவர் தரும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஆகியவையே அப்போது வேண்டப்படுவன. உடற்பயிற்சியும் இறுக்கமான கட்டும் கூடா. சூடான ஒத்தடம் கொடுத்தலும் தோலைக் கீறி நீரை வடித்தலும் தீங்கு விளைவிக்கும். புழுக்கொல்லி மருந்தையும் அந்நாட்களில் தொடங்கக் கூடாது. கடுங்காய்ச்சலுடன் மயக்கமோ குழப்பமோ காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

ஆண்களிடம் இந்நோயால் ஏற்படும் விரைவீக்கத்திற்குக் கழுவுதல் தீர்வாகாது. அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. வெட்கத்தினால் மறைக்கப்படும் இவ்வேதனையைக் கேட்டறிந்து நோயாளியை உரிய மருத்துவமனைக்கு அனுப்புவதில் ஆண் சுகாதாரப் பணியாளரின் துணை பயன்படும்.

பொருளாதார நோக்கு

இந்நோயின் சுமையை நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் கணிப்பது போதாது. கூலி உழைப்பாளி ஒருவருக்கு ஆண்டில் நான்கு கடுந்தாக்குதல்கள் ஏற்படுவதாகவும், ஒவ்வொன்றும் ஐந்து நாள் நீடிப்பதாகவும் கொண்டால், அவர் இழப்பது 20 நாள் கூலியாகும். உடனிருந்து கவனிக்கும் மனைவியோ மகளோ இழக்கும் நாட்கள் இதில் சேரவில்லை. சேற்றுப்புண் மலியும் மழைக்காலமே நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வேண்டும் காலமும் ஆகும். எனவே வேலை கிடைக்கும் நாட்களிலேயே வேலை செய்ய இயலாமை நேர்கிறது. தாக்குதல் இல்லாத நாட்களிலும் கனத்த காலுடன் உழைப்பவரின் உற்பத்தித்திறன் குறைவதால், இலகுவான, கூலி குறைந்த வேலைக்கு அவர் மாற நேரிடுகிறது.

சிகிச்சைச் செலவாலும் வேலையிழப்பாலும் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 80 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட இழப்பு ஏற்படுவதாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கணித்தது. இதில் பெரும்பகுதி மருந்துச் செலவன்று. இழந்த உழைப்பின் மதிப்பே ஆகும். இதற்கு எதிரே வைத்து எண்ணத்தக்கவை ஒரு வாளி, ஒரு குவளை, சோப்பு, துண்டு, களிம்பு, செவிலியரின் சில மணி நேரம் ஆகியவையே. பொதுச் செலவில் இத்துணைச் சிறிய முதலீட்டுக்கு இத்துணைப் பெரிய பலன் கிட்டும் துறைகள் மிகச் சிலவே.

பணத்தால் அளவிட முடியாத இழப்புகளும் உள. வீங்கிய காலுடைய பெண்ணுக்குத் திருமணம் தடைப்படுகிறது. மணமானவள் கைவிடப்படுவதும் உண்டு. துர்நாற்றம் பற்றிய அச்சத்தால் பொது நிகழ்ச்சிகளிலிருந்து நோயாளிகள் விலகிக்கொள்கின்றனர். அந்நாற்றம் நோயின் இன்றியமையாத கூறன்று. மடிப்புகளில் பெருகும் கிருமிகளின் விளைவே ஆகும். முறையாகக் கழுவத் தொடங்கினால் அது அகல்கிறது. பல நோயாளிகள் முதலில் உணரும் பயன் இதுவே. பராமரிப்பைத் தொடர்வதற்கு அவர்களைத் தூண்டுவதும் இதுவே.

திட்டத்தின் இரு தூண்கள்

தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கொசுப்புழு ஒழிப்பு, இரவு நேர இரத்தப் பரிசோதனை, தொற்றுள்ளோருக்கு மருந்து ஆகியவை அதன் கூறுகளாக இருந்தன. 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2015க்குள் நோயை அகற்றுவதை இலக்காக வைத்தது. 2004 முதல், நோய் பரவிய மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை மருந்து வழங்கும் இயக்கம் நடைபெறலாயிற்று. பின்னர் அல்பெண்டசோலும், 2018 முதல் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்க்கப்பட்டன. இலக்கு ஆண்டு பின்னர் தள்ளிவைக்கப்பட்டு, 2027 என 2023இல் அறிவிக்கப்பட்டது. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களில் சுமை மிகுதி.

ஒரு நாடு இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றியதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்பதற்கு இரு தூண்கள் தேவை. நோய் பரவுதல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் குறைந்திருத்தல் ஒன்று. நோயாளிகள் வாழும் இடங்களில் எல்லாம் அவர்களுக்கான பராமரிப்பு கிடைத்தல் மற்றொன்று. இலங்கை 2016ஆம் ஆண்டிலும் வங்கதேசம் 2023ஆம் ஆண்டிலும் இவ்வேற்பைப் பெற்றன.

முதல் தூணை அளவிடுவது எளிது. வழங்கிய மாத்திரைகளையும் விழுங்கியவர்களையும் எண்ணிவிடலாம். இரண்டாம் தூணுக்கோ ஒவ்வொரு கிராமத்திலும் நோயாளிகளின் பட்டியல் வேண்டும்; பட்டியலில் உள்ளவர் பயிற்சி பெற்றாரா, கடந்த ஆண்டில் எத்தனை தாக்குதல்கள் கண்டார், இவ்வாண்டில் எத்தனை என்ற குறிப்பு வேண்டும். பராமரிப்புப் பொருட்களைக் கொண்ட பெட்டியை வழங்கியதோடு பணி முடிந்ததாகப் பதிவேட்டில் எழுதிவிடும் போக்கு ஏற்படாதவாறு அலுவலர்கள் கவனிக்க வேண்டும். பெட்டியின் எண்ணிக்கையைவிடக் குறைந்துள்ள தாக்குதல்களின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாகும். இக்கணக்கை ஆஷா பணியாளர் வீட்டளவிலும் துணைச் செவிலியர் துணை சுகாதார நிலைய அளவிலும் வைத்திருத்தல் இயலாததன்று.

பிற துறைகளின் ஒத்துழைப்பும் இதில் அடங்கும். நாள்தோறும் காலைக் கழுவுமாறு கூறும் அறிவுரை, வீட்டருகே நீர் கிடைக்காத இடத்தில் வெற்றுரையாகிவிடும். குடிநீர் இணைப்பு, வடிகால் அமைப்பு, சாக்கடைத் தேக்கத்தை அகற்றுதல் ஆகியவை கொசுவைக் குறைப்பதோடு நோயாளியின் பராமரிப்புக்கும் துணை செய்கின்றன. ஊராட்சியும் சுகாதாரத் துறையும் தம் பணிகளை இணைத்து வரைவதற்கு இதனினும் தெளிவான காரணம் தேவையில்லை.

முடிவுரை

புழுவை ஒழிக்கும் இயக்கம் வெற்றி பெற்று, இனி எந்தக் குழந்தைக்கும் இந்நோய் தொற்றாது என்ற நிலை எய்தப்பட்டாலும், ஏற்கெனவே நிணநீர்க் குழாய்கள் பழுதுற்றோர் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்வர். கடைசி மாத்திரை வழங்கப்பட்ட நாளோடு அவர்களுக்கான பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அவர்களுடைய கால்களில் அழற்சி நீடிப்பது விதியினாலன்று. விரலிடுக்கின் ஈரத்தினாலும் ஆறாத வெடிப்பினாலுமே ஆகும். இவ்வுண்மையைச் செவிலியர் அறிந்து, நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் கைப்படச் செய்துகாட்டுவாராயின், வீக்கம் முற்றும் மறையாவிடினும் காய்ச்சலும் வலியும் வேலையிழப்பும் குறையும். கூலிக்கு உழைக்கும் குடும்பத்திற்கு அதுவே பெரும் வருவாயாகும்.